நெடுந்தீவில் இரண்டு வீட்டுச் சாப்பாடு

“அமைதியைப் படித்தால் வேலை கிடைக்குமா மேடம்?” என்று கேட்காத பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில், அமைதி, நீதி, பிணக்குத் தீர்வு என்று மூச்சு வாங்கும் அளவுக்குப் பெயர் வைத்த துறையில் பாடம் நடத்துகிறேன். மொத்தம் இரண்டே ஆசிரியர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே யார் மேசை போடுவது என்ற விஷயத்தில் எங்கள் இருவருக்குள்ளும் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சு கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். கடைசி ஆண்டு மாணவிகள் காயத்ரியும் மும்தாஜும் ஆறு வாரம் எங்காவது களப்பயிற்சி செய்தால்தான் பட்டம். உள்ளூரில் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டது. “இலங்கையில் தீவுப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்றீர்களே, நேரில் போய்க் கையெழுத்து வாங்கி வாருங்கள். சம்மதக் கடிதம் இல்லையென்றால் இந்தப் பிள்ளைகளுக்கும் பட்டமில்லை, அடுத்த ஆண்டு துறைக்குச் சேர்க்கையும் இல்லை” என்றார். மும்தாஜின் அப்பா மூன்றாம் ஆண்டுக்கு அனுப்பியதே பெரிய போராட்டம். இன்னொரு ஆண்டு என்றால் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பஸ். சாலைக்கு இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்தில் கடல் கிடக்கிறது. அதில் மனிதர்கள் நின்றுகொண்டே மீன் பிடிக்கிறார்கள். எங்கள் ஊரில் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் மாலை போட்டுக் கும்பிடுவோம். பக்கத்து இருக்கை அம்மாவிடம் அதைச் சொன்னேன். “உப்புத் தண்ணிக்கோ மாலை? குடிக்கிறதுக்கு ஒரு வாளி தரச் சொல்லுங்கோ பாப்பம்” என்று சிரித்தார். 

ஊர்காவற்றுறையில் நான் பார்க்கப் போனது ஒரு சிறிய சமூக சேவை அலுவலகம். அங்கிருந்தவர் எழுந்து நின்று வரவேற்றார், கதிரை போட்டார், பால் இல்லாத தேநீர் கொடுத்தார். பிறகு தேர்வு வைத்தார்.

“உங்கட பிள்ளையளுக்குச் சிங்களம் தெரியுமோ?”

“தெரியாது.”

“மோட்டர் சைக்கிள் ஓடுவினமோ?”

“சைக்கிள் ஓட்டுவார்கள்.”

“அப்ப என்னதான் தெரியும் ரீச்சர்?”

“பேச்சுவார்த்தையின் ஏழு கட்டங்கள் தெரியும்” என்றேன். சொல்லும்போதே எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நெடுந்தீவிலை ஜெசிந்தா அக்காவைக் கேட்டுப் பாருங்கோ” என்றார். என் பட்டியலில் இருந்த அடுத்த பெயரும் அதுதான். அதற்குப் பிறகு வேறு பெயரே இல்லை.

தேநீர்க் கடையில் ஆறுதலுக்கு உட்கார்ந்தேன். நான் கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், பற்றீஸ் கொண்டுவந்து வைத்தார்கள். மரியாதை பலமாக இருக்கிறதே என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ஏழாவதில் மூச்சு முட்டியது. கடைக்காரர் பதறிப்போய் வந்தார். “இடத்துக்குப் புதிசோ அக்கா? விருப்பமானதை எடுத்துச் சாப்பிட்டிட்டு மிச்சத்தை விடலாம்.” விட்டால் மனம் கோணுவார்களோ என்று பயந்து தின்றதைச் சொன்னதும் கடையே சிரித்தது. சாப்பாட்டு விஷயத்தில் நான் எவ்வளவு பெரிய அசடு என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை குறிகட்டுவான் துறைமுகத்துக்கு வேறு பஸ். புங்குடுதீவில் மடத்துவெளியைத் தொட்டதும் டயர் புஸ்ஸென்று அடங்கியது. நெடுந்தீவுப் படகு கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, நடத்துநர் நிதானமாகப் போனை எடுத்தார். “அண்ணை, போட்டை எடுத்துப்போடாதேங்கோ. ரயர் காத்துப் போட்டுது. பதினாறு பேர் நிக்கினம். இந்தியாவிலையிருந்து ஒரு ரீச்சரும் நிக்கிறா.” படகு காத்திருந்தது! எங்கள் ஊரில் படிக்கட்டில் ஒரு கால் வைத்திருந்தாலே விசில் கொடுத்துவிடுவார்கள். படகில் முன்பே ஏறியிருந்தவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. டயர் எந்த இடத்தில் போனது என்று மட்டும் அக்கறையாக விசாரித்தார்கள்.

அந்த ஒரு மணி நேரக் கடலைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. என் குடலுக்கும் அலைக்கும் நடந்த பிணக்கில் அலை ஜெயித்தது. 

ஜெசிந்தா அக்கா துறைமுகத்தில் சைக்கிளோடு நின்றார். என் வயதுதான் இருக்கும். கூட்டுறவுக் கடையில் வேலை. சம்பளமில்லாத இன்னொரு வேலை ஊர் இணக்கசபையில். சின்னச் சின்ன வழக்குகளை நீதிமன்றம் இவர்களிடம் அனுப்பிவிடும். இவர்கள் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பார்கள். முடியாவிட்டால் வழக்கு மறுபடி ஊர்காவற்றுறைக்குப் போகும். அப்போது எதிரிகள் இரண்டு பேரும் ஒரே படகில் ஏறி, ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து, ஒரே கடையில் தேநீர் குடித்துவிட்டுத்தான் நீதிபதி முன் நிற்க வேண்டும். வேறு படகு கிடையாது.

அவர் வீட்டில்தான் எனக்குத் தங்கல். பையை இறக்கி வைப்பதற்குள் கடிதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

“மாணவர் எண்டாலே எனக்குப் பயம் ரீச்சர்” என்றார் ஜெசிந்தா. “முந்தி நாலு பேர் வந்தவை. வீடு வீடாய்ப் போய், உங்கட பிணக்கு என்ன, ஒண்டிலையிருந்து பத்துக்குள்ளை எவ்வளவு கோபம் எண்டு கேட்டவை. கோபத்தை மறந்திருந்த சனத்துக்கும் ஞாபகம் வந்திட்டுது. அவை போட்டேறிப் போயிட்டினம். பிறகு எனக்கு மூண்டு மாசம் வேலை.”

என் பையில் அதே மாதிரி ஏழு பக்கக் கேள்வித்தாள் இருந்தது. பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். 

“நாளைக்குச் சபை இருக்கு. வந்து இருங்கோ. உங்களைப் பாத்தால் பிள்ளையள் எப்பிடி எண்டு தெரியும்” என்றார். ஆக, தேர்வு எனக்குத்தான்.

நாளைய வழக்கையும் அவரே சொன்னார். பவளம், றீற்றா என்று பக்கத்துப் பக்கத்து வளவுக்காரர்கள். நல்ல தண்ணீர்க் கிணறு பவளத்தின் நிலத்தில் இருக்கிறது. ஆனால் உறுதிப் பத்திரத்தில் றீற்றாவுக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டு வளவுக்கும் நடுவே கடலில் எடுத்த முருகைக்கல்லை அடுக்கிய வேலி. அதில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு இடைவெளி, கடப்பு என்கிறார்கள். றீற்றா குடத்தோடு வந்து போன வழி அது. நான்கு மாதத்துக்கு முன் றீற்றாவின் மாடும் அதே வழியாக வந்து பவளத்தின் பயற்றங்கொடியை வேரோடு தின்றுவிட்டது. அன்றே கடப்பில் கல் ஏறிவிட்டது. கிணற்றை நான் மறிக்கவில்லை, ரோட்டைச் சுற்றி வரட்டும் என்கிறார் பவளம். சுற்றினால் கால் மணி நேர நடை. பங்குக்காரி நான் ஏன் சுற்ற வேண்டும் என்கிறார் றீற்றா.

மூன்றாம் நாள் காலை ஊரைப் பார்க்கலாம் என்று தனியாக நடந்தேன். வெட்டவெளியில் மட்டக் குதிரைகள் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத தோரணையில் மேய்ந்தன. கல்வேலிகள் வளைந்து வளைந்து போயின. வெயில் ஏறியது, நாக்கு வறண்டது. ஒரு வீட்டு வாசல் படலையில் நின்ற அம்மா, “ஜெசிந்தா வீட்டுக்கு வந்த ரீச்சரோ? உள்ளுக்கை வாங்கோ, முகமெல்லாம் கறுத்துப்போச்சு” என்றார். போனேன். குளிர்ந்த தண்ணீர் ஒரு செம்பு. பிறகு குசினியில் உட்காரவைத்துப் பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, கெட்டித் தயிர். அடடா! இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் பெயரைக் கேட்டேன்.

“பவளம்” என்றார். 

எனக்குத் துளிக்கூட உறைக்கவில்லை. சாப்பிட்டது ஒரு குற்றமா?

பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் சபை கூடியது. ஜெசிந்தாவோடு இன்னும் இரண்டு பேர். ஓரமாக நான், நோட்டும் பேனாவுமாக. ஒல்லியாக, விறைப்பாக வந்த றீற்றா உட்காரவேயில்லை. நேராக என்னைக் காட்டினார்.

“இந்த ரீச்சர் இருக்கிற இடத்திலை நான் கதைக்கமாட்டன். காலமை அவவின்ரை குசினியிலை இருந்து பிட்டுச் சாப்பிட்டவ. எனக்குப் பங்குள்ள தண்ணியையும் குடிச்சவ.”

“பசியோடை வந்த ஆளுக்குக் குடுத்தது பிழையோ?” என்றார் பவளம்.

“குடுக்கேக்கை வழக்கு ஞாபகம் வரேல்லையோ?”

இருவரும் பேசியது ஜெசிந்தாவைப் பார்த்து. ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுந்து வெளியே போகிறேன் என்றேன். பயனில்லை. றீற்றா படியிறங்கிவிட்டார். சபை இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போனது.

வீடு வந்ததும் ஜெசிந்தா வெடித்தார். “நடுவிலை இருக்கிற ஆக்கள் ரெண்டு வீட்டிலையும் சாப்பிடுவம். இல்லாட்டி ரெண்டிலையும் பச்சைத் தண்ணி வாயிலை வைக்கமாட்டம். உங்கட புத்தகத்திலை உது இல்லையோ?”

இல்லை. நானூறு பக்கப் புத்தகம். அதில் பிட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

“கடிதம்…” என்று இழுத்தேன்.

“கடிதமோ! ரீச்சரே ஒரு நாளிலை கட்சி சேர்ந்திட்டா. பிள்ளையள் ஆறு கிழமை நிண்டா ஊர் என்னத்துக்கு ஆகும்? ஏலாது ரீச்சர்.”

அந்த நேரம் பார்த்து மும்தாஜிடமிருந்து செய்தி: ‘மேடம், கிடைத்துவிட்டதா? அப்பா கேட்கிறார்.’ எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். இருபது வயதுப் பெண்ணின் படிப்பைக் கத்தரிக்காய்ப் பால்கறிக்குத் தாரைவார்த்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை ஜெசிந்தா கொடுத்த தேநீரையும் தொடவில்லை. வெறும் வயிற்றோடு ரோட்டைச் சுற்றி றீற்றா வீட்டுக்குப் போனேன். 

“என்ன ரீச்சர், வழி மாறி வந்தனீங்களோ?” என்றார் றீற்றா.

“இல்லை. பசிக்கிறது. இங்கே சாப்பிடலாம் என்று வந்தேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அங்கை இண்டைக்குத் தரேல்லையோ?”

“இன்றைக்கு எங்கேயும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.”

பசி என்று வாய்விட்டுச் சொன்னவளைத் திருப்பி அனுப்ப அந்த ஊரில் யாராலும் முடியாது. கதிரை வந்தது. உள்ளே சட்டி பானைச் சத்தம் கேட்டது, பிறகு அடங்கியது. றீற்றா காலிக் குடத்தோடு வெளியே வந்து நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. “மீன் இருக்கு. அரிசி இருக்கு. உலை வைக்க நல்ல தண்ணி இல்லை. தண்ணி பவுசர் நேற்று வரேல்லை. இஞ்சத்தைக் கிணறு உப்பு.”

“குடத்தைத் தாருங்கள், நான் கொண்டுவருகிறேன்.”

“தூக்கிப் பழக்கமோ?”

திண்டுக்கல்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? லாரித் தண்ணீர் வரிசையில் நின்று வளர்ந்த இடுப்பு என்னுடையது. ஆனால் அந்த இடுப்புக்கு இப்போது நாற்பத்தாறு வயது என்பதை மறந்துவிட்டேன்.

சுற்றிக்கொண்டு பவளம் வீட்டுக்குப் போனேன். குடத்தைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. “ஆருக்கு?”

“றீற்றா அக்கா சமைக்க. சாப்பிடப் போவது நான்.”

கிணற்றைக் கையால் காட்டினார். இறைத்து நிரப்பி இடுப்பில் வைத்தேன். படலைக்குள் கால் குடம் சிந்தியது. ரோட்டில் செருப்பு வார் அறுந்து, நொண்டியதில் பாதி போனது. அரைக் குடத்தோடு போக ரோஷம் விடவில்லை. திரும்பி வந்து நிரப்பினேன். மறுபடி நாலு எட்டு வைப்பதற்குள் சேலை முழுக்க நனைந்துவிட்டது. மூன்றாம் முறை நான் இறைக்க வந்தபோது பவளத்துக்குப் பொறுக்கவில்லை.

“ரீச்சர், நில்லுங்கோ! நல்ல தண்ணியை றோட்டுக்கு ஊத்தாதேங்கோ!”

குடத்தை நிரப்பிப் பறித்துக்கொண்டு விறுவிறுவென்று கல்வேலிக்கு நடந்தார். அடைத்த கடப்புக்கு மேலாக நீட்டினார். “இந்தாரும், பிடியும். உம்மடை விருந்தாளி என்ரை வளவைச் சேறாக்கிறா.”

வேலிக்கு அந்தப் பக்கம் றீற்றா. “உதிலை வைச்சிட்டுப் போம்.”

“வைக்க ஏலாது. கல்லு ஆடுது.”

“ஆடுற கல்லை அடுக்கினது ஆர்?”

“மாட்டை அவிட்டு விட்டது ஆர்?”

“கயிறு அறுந்தது எண்டு எத்தினை தரம் சொல்லுறது!”

“எனக்கு எப்ப சொன்னனீர்? ஜெசிந்தாவுக்கெல்லோ சொன்னனீர்!”

குடம் கனத்தது. பேசிக்கொண்டே பவளம் மேலே இருந்த இரண்டு கல்லை ஒரு கையால் தள்ளிவிட, றீற்றா குனிந்து குடத்தை வாங்கினார். வாங்கியபடியே ஏசினார். பயற்றங்கொடி எத்தனை பாத்தி, போன மழைக்குக் கூரைத் தகரம் யார் வீட்டில் விழுந்தது, யார் வீட்டுச் சடங்குக்கு யார் கடைசியாக வந்தது, எல்லாம் வேலிக்கு மேலே பறந்தன. ஐயோ, என்னால் இது அடிதடியில் முடியப் போகிறதே என்று நடுங்கிப்போனேன். ஏழு கட்டங்களில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

சத்தம் கூட்டுறவுக் கடைவரை கேட்டிருக்க வேண்டும். ஜெசிந்தா சைக்கிளில் வந்து இறங்கினார். நான் ஓடிப்போய், “நிறுத்துங்கள்” என்றேன்.

“விசரோ உங்களுக்கு? நாலு மாசமாய் ரெண்டு பேரும் என்னைப் பாத்து ஏசினவை. இண்டைக்குத்தான் ஆளை ஆள் பாத்து ஏசினம். நல்லாய் ஏசட்டும்.”

ஏச்சை நிறுத்தியது என் வயிறு. அது போட்ட உறுமல் வேலியின் இரண்டு பக்கமும் கேட்டது. “ரீச்சருக்குப் பசி!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். றீற்றா அடுப்படிக்கு ஓடினார். சோறு, பாரைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. மீன் குழம்பில் தீவே தனி. அதற்கு மேல் சொன்னால் பவளம் கோபிப்பார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு தடவையோடு நிறுத்தினால் பிட்டுக்குக் குறைந்துபோகும் அல்லவா?

நான் கை கழுவும்போது ஜெசிந்தா வேலியருகே நின்று, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார். “ரீச்சரின்ரை பிள்ளையள் ரெண்டு பேர் வரப்போகினமாம். ஆரின்ரை வீட்டிலை விடுறது?”

“என்ரை வீட்டிலை கிணறு இருக்கு” என்றார் பவளம்.

“கிணறு எனக்கும் பங்கு. என்ரை வீட்டிலை காத்து நல்லாய் வரும்” என்றார் றீற்றா.

ஜெசிந்தா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் துறைமுகத்தில் ஜெசிந்தா ஒட்டிய உறை ஒன்றைக் கையில் கொடுத்தார். “போட்டிலை பிரியாதேங்கோ, காத்துக்குப் பறந்திடும். உள்ளுக்கை என்ன இருந்தாலும் கோவிக்காதேங்கோ.” அதைக் கேட்ட பிறகு அலையாவது ஒன்றாவது. குறிகட்டுவானில் இறங்கியதும் நயினாதீவுப் படகில் ஏறினேன். திறப்பதற்குமுன் அங்குள்ள அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஆசை. வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரிகர்கள் நிறையப் பேர். ஒரு பாட்டி மகளிடம் ஏதோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னவென்று பக்கத்திலிருந்த தீவுக்காரரைக் கேட்டேன். “பேரனுக்குச் சோதினையாம். புத்த விகாரையிலையும் கேட்டாச்சு, அம்மனையும் கேக்கப் போறன், இனி அவன் புத்தகத்தைத் திறந்தாச் சரி எண்டுறா.” எனக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

கோயில் அன்னதான மண்டபத்தில், இலை போடுமுன் உறையைக் கிழித்தேன். நீல மை, பள்ளிக்கூடக் கையெழுத்து.

‘மாணவிகள் இருவரையும் ஆறு கிழமைக்கு ஏற்றுக்கொள்கிறோம். ஒருவர் பவளம் வீட்டிலும் மற்றவர் றீற்றா வீட்டிலும் தங்குவர். காலையில் இருவரும் ஒரு வீட்டிலும், மத்தியானம் மற்ற வீட்டிலும் சாப்பிடுவர். கேள்வித்தாள் கொண்டுவருதல் ஆகாது. பிள்ளைகள் வெயிலில் சுற்றி நடப்பது சரியல்ல என்றபடியால், அவர்கள் நிற்கும் காலத்துக்கு மட்டும் கடப்பைத் திறந்து வைக்க இரு பகுதியாரும் சம்மதம்.’

‘மட்டும்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு. கீழே ஜெசிந்தா, பவளம், றீற்றா என்று மூன்று கையெழுத்து. சாம்பார் வாளியோடு வந்தவர் நான் அழுவதைப் பார்த்து, “உறைப்போ அம்மா?” என்றார். சோறே இன்னும் விழவில்லை. மும்தாஜுக்கு ஒரே வார்த்தை அனுப்பினேன்: ‘கிடைத்துவிட்டது.’

முதல்வர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “சாப்பாட்டைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது, பயிற்சி எங்கே?” என்றார். அதுதான் பயிற்சி என்றேன். முத்திரை குத்தினார். அன்று மதியம் மின்விசிறிக்காரரிடம் என் டிபன் டப்பாவை நீட்டினேன். எலுமிச்சைச் சாதம். எடுத்துக்கொண்டார், மேசையை மட்டும் நகர்த்தவில்லை.

பிள்ளைகள் போனார்கள். ஆறு வாரத்தில் வெயிலில் கறுத்து, சதை போட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஆமாம்’ என்பதற்குப் பதில் ‘ஓம்’ போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பட்டமும் வாங்கிவிட்டார்கள். துறைக்கு அடுத்த ஆண்டும் சேர்க்கை உண்டு.

போன வாரம் ஜெசிந்தா போன் செய்தார். குரலில் ஒரே சலிப்பு. “ரீச்சர், அடுத்த பிள்ளையள் எப்ப வருவினம்? வழக்குத் திரும்பவும் என்னட்டை வந்திட்டுது. இந்த முறை ரெண்டு பிள்ளையளும் தனக்குத்தான் எண்டு பவளம் நிக்கிறா. றீற்றா விடமாட்டன் எண்டுறா. தினமும் சண்டை.”

எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. “ஆறு கிழமைதான் எப்போதோ முடிந்துவிட்டதே. கடப்பை அடைத்துவிட்டார்களா?”

“ஏன் அடைக்கினம்?” என்றார் ஜெசிந்தா. “அதுக்குள்ளாலைதானே ஆளுக்காள் வந்து சண்டை பிடிக்கினம்.”